நிற்கும் மோட்டார்தான் எரியும்

எங்கள் கிளப்பில் யாருடைய காரில் ஸ்டீரிங் சர்வோ, அதாவது முன்சக்கரங்களைத் திருப்புகிற சிறு மோட்டார் பெட்டி, போனாலும் அது கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். தூக்கிப் போட வேண்டாம், என்னிடம் கொடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளியின் விளையாட்டு ஹாலில், குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு மாலை, தரையில் கார்ப்பெட் விரித்து, வளைவுகளில் மரச்சட்டம் வைத்து, 1:10 அளவு ரேடியோ கார்களை ஓட்டுகிற கிளப் அது. ஹீட் ஒன்று ஐந்து நிமிடம். ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் எந்தக் கார் எப்படி இடிக்கிறது, இடித்த பிறகு எதன் முன்சக்கரம் கோணலாக நிற்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். பெரும்பாலும் அன்று இரவே அந்தக் காரின் சர்வோ என் கையில் இருக்கும்.

சர்வோவைத் திறப்பது எளிது. அடியில் நான்கு நீள ஸ்க்ரூ. கழற்றினால் பெட்டி மூன்று துண்டாகப் பிரியும். மேலே கியர்கள், நடுவில் சிறிய மோட்டாரும் பொட்டென்ஷியோமீட்டரும், அடியில் சர்க்யூட் போர்டு. வழக்கமான சர்வோ 40 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், ஐம்பது கிராமை ஒட்டிய எடை. ரிசீவரிலிருந்து அதற்கு ஓயாமல் துடிப்பு வந்துகொண்டிருக்கும். பழைய அனலாக் முறையில் 20 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு. துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் சக்கரம் நேர்; 1 மில்லி செகண்டை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கம், 2-ஐ நோக்கி நீண்டால் மறுபக்கம். தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொட்டென்ஷியோமீட்டர் சொல்லும். எங்கே நிற்க வேண்டும் என்பதைத் துடிப்பு சொல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் தீரும்வரை போர்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். சக்கரம் எதிலோ முட்டிக்கொண்டு இதற்குமேல் நகர முடியாமல் நிற்கிறது என்பது அந்தப் போர்டுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் மேசைக்கு வருகிற பாதி சர்வோ வந்திருக்காது. புதிதாக வருகிற சிலவற்றில் அதற்கான பாதுகாப்பு உண்டு. ஆனால் கிளப்பில் ஓடுகிற பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

இதை நான் இந்த ஊரில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விவசாயிகள் பம்ப்செட் மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். திறப்பதற்கு முன் அப்பா கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சுச்சு போட்டதும் எடுக்கலீங்களா, ஓடிட்டிருக்கறப்பவே நின்னுச்சுங்களா?" லோ வோல்டேஜில் சுவிட்ச் போட்டு, மோட்டார் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டிருந்த கதையோ, மணல் ஏறி இறுகிப்போன பம்பின் கதையோ அதற்குப் பதிலாக வரும். மூடியைக் கழற்றினதும் கருகிய வார்னிஷ் நெடி பட்டறை முழுக்கப் பரவும். பள்ளி விட்டு வந்து பழைய காயிலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் சொல்வார்: "ஓடற மோட்டாரு அத்தனை சீக்கிரத்துல எரியாது கண்ணு. சுத்த முடியாம நிக்கறதுதான் எரியும்." சுற்றுகிற மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே வருகிற கரண்டை அடக்கி வைப்பது அதுதான். நின்றுவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடும்; கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். இவ்வளவு விளக்கத்தையும் நான் பின்னால் பாலிடெக்னிக்கில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா மூக்கால் தெரிந்து வைத்திருந்தார்.

இங்கே வந்து, கிளப்பில் முதன்முதலாக ஒரு சர்வோவைத் திறந்தபோது அதே நெடி. விரல்நுனி அளவு மோட்டார், அதற்குள் தலைமயிர் கனத்தில் கம்பி, ஆனாலும் கணபதிப் பட்டறையின் நெடி. மேலே கியர்களைப் பார்த்தேன். ஒரு பல்கூடத் தேயவில்லை. கிரீஸ் புதிதாக மின்னியது. இடியில் கியர் உடைந்துவிட்டது என்று சொல்லித்தான் அதை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ சர்வோக்களைத் திறந்து பார்த்துவிட்டேன். இடியில் போனதைப் பார்த்தால் சந்தேகமே வராது. கியர் வரிசையில் ஏதோ ஒன்றில் இரண்டு மூன்று பல் மொட்டையாக இருக்கும், மோட்டார் சுத்தமாக இருக்கும். கியர் செட் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றி உயிர் கொடுத்துவிடலாம். எரிந்துபோனவற்றில் நேர்மாறு: கியர் புதிது, மோட்டார் கரி. கோர்லெஸ் மோட்டார் போட்ட விலை கூடிய சர்வோக்கள் இதில் இன்னும் மோசம். இரும்பு உள்ளீடு இல்லாத மெல்லிய கம்பிக் கூடைதான் அதில் சுற்றுவது. சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும், ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பு கிடையாது. 6 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் இழுத்துக்கொண்டு நிற்கிற சர்வோவுக்குள் 15 வாட் சூடாக மாறுகிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். எவ்வளவு நேரம் தாங்கும்?

லெஸ்டரிலேயே இருக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையனால்தான் இதையெல்லாம் நான் உட்கார்ந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பதின்மூன்று வயது இருக்கும். அப்பாவும் மகனும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வருவார்கள். பையனிடம் பழைய டூரிங் கார் ஒன்று இருந்தது. நல்ல கார். ஒருநாள் அப்பா என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, பெடியன் ஆசைப்பட்டான் எண்டு 25 கிலோ சர்வோ வாங்கிக் குடுத்தனான். ஒரு மாசங்கூட ஒழுங்கா ஓடேல்லை. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பையன் இன்னும் துல்லியமாகச் சொன்னான். "அங்கிள், ஹேர்பின்ல முழுசாத் திருப்பினா கார் செத்துப் போகுது. பிறகு தானா வருது."

காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ரிமோட்டின் சக்கரத்தை முழுக்கத் திருப்பச் சொன்னேன். முன்சக்கரம் திரும்பியது, ஸ்டீரிங் நக்கிள் அதன் நிறுத்தத்தில் டக்கென்று முட்டியது, சர்வோ 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தது. ரிசீவரின் சிறு விளக்கைப் பையனுக்குக் காட்டினேன். முனகல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. அணைந்ததும் சர்வோ தளர்ந்தது, மின்னழுத்தம் மீண்டது, விளக்கு மறுபடி எரிந்தது, சர்வோ மறுபடி முனகியது. கார் 'செத்துப் பிழைத்த' கதை அவ்வளவுதான். முழுத் திருப்பத்தில் சர்வோ நின்றுகொண்டு கரண்டை உறிஞ்சியது. ஸ்பீடு கன்ட்ரோலருக்குள் இருக்கும் பிஇசி அந்த அளவு கொடுக்க முடியாமல் தாழ்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் வோல்ட்டேஜ் விழுந்ததும் தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி தொடங்கியது. அந்த ஒரு நொடி கார் யாருடையதும் இல்லை. சர்வோ பெட்டியின் மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பையன் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான்.

பிஇசி என்பது ரிசீவருக்கென்று தனியாக இருந்த பேட்டரியை ஒழிக்க வந்த சர்க்யூட். எங்கள் கிளப்பில் எண்பதுகளிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். டாமியா கம்பெனி 1976-இல் போர்ஷே 934-ஐ வைத்து ரேடியோ கார் தொடங்கிய தலைமுறையின் கார்களைப் பற்றி அவரிடம் பேச ஆரம்பித்தால் மாலை போதாது. அந்தக் காலத்தில் ஒரு காருக்கு இரண்டு சர்வோ. ஒன்று ஸ்டீரிங்குக்கு, இன்னொன்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மெக்கானிக்கல் கன்ட்ரோலரைத் திருப்ப. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனியாக நான்கு பென்சில் பேட்டரி. மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் ஸ்டீரிங்குக்கான கரண்ட் பத்திரமாக ஒதுங்கி இருந்தது. எடை குறைய வேண்டும் என்று அந்தப் பேட்டரியை எடுத்த பிறகு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதனால்தான் இன்று சர்வோ வாங்குகிறவர் தன் ஸ்பீடு கன்ட்ரோலரின் பிஇசி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. 6 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சர்வோவை, பிஇசி 7.4-இல் வைத்திருக்கும் காரில் மாட்டினால் அன்றைக்கு அது பறக்கும். மறுவாரம் செத்த சர்வோக்களைப் போட்டு வைக்கும் என் டப்பாவில் கிடக்கும். லிப்போ பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கிறவர்கள் இன்னும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 7.4 என்று எழுதியிருக்கும் இரண்டு செல் பேட்டரி, முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும்.

பையனின் சர்வோவைத் திறந்தோம். மோட்டார் உறை பழுப்பேறியிருந்தது. இன்னும் சில வாரம் இழுத்திருக்கும். கழற்றி வைத்துவிட்டு, சர்வோ இல்லாத காரை அவன் கையில் கொடுத்து, முன்சக்கரங்களை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். "இடையில ஒரு இடத்தில பிடிக்குது அங்கிள்," என்றான். அவன் விரலுக்கு அது தெரிந்ததில் எனக்கு அன்று வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஸ்டீரிங் ராடின் முனையில் பிளாஸ்டிக் கிண்ணம் பந்தை இறுக்கிப் பிடித்திருந்தது. பிளையரால் கிண்ணத்தை வெளியிலிருந்து மெதுவாக ஒரு அழுத்து. சக்கரம் தன் எடையிலேயே சாய்கிற அளவுக்கு இளகியது. இது செய்யாமல் எவ்வளவு விலைக்கு சர்வோ வாங்கினாலும் வீண். பந்து இறுகியிருந்தால் சர்வோ நேர்நிலைக்குத் திரும்பி வராமல் ஒரு மயிரிழை தள்ளியே நிற்கும். அந்த வித்தியாசத்தை மூட, நேர்ரோட்டில் போகும்போதுகூட கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு எண்ட் பாயிண்ட், அதாவது சர்வோ ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று ரேடியோவில் வைக்கிற எல்லை. ரேடியோக்கள் பெட்டியிலிருந்து வரும்போது இரண்டு பக்கமும் 100 என்றே வரும். அந்த நூறு காரைப் பற்றிய நூறு அல்ல, ரேடியோவைப் பற்றிய நூறு. உங்கள் காரின் சக்கரம் அதற்கு வெகு முன்பே முட்டி நின்றுவிடலாம். சர்வோவை முதலில் ஹார்ன் (தண்டில் மாட்டி ராடை இழுக்கிற கை) இல்லாமல் கரண்டில் போட்டு, ட்ரிம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, அது நடுவில் வந்து நின்ற பிறகே ஹார்னை மாட்ட வேண்டும். ராடுக்குச் செங்குத்தாக வருகிற பல்லில் மாட்டி, மிச்சமுள்ள சொச்சத்தைச் சப் ட்ரிமில் சரிசெய்து, சக்கரம் நேராவதற்கு ராடின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். அதற்கப்புறம் எண்ட் பாயிண்டைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ரிமோட்டை முழுக்கத் திருப்பிப் பிடித்தபடி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். சக்கரம் நின்றுவிட்டது, எண் மட்டும் ஏறுகிறது, முனகல் கேட்கிறது என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. இரண்டு படி இறக்கினால் ஓசை அடங்கிவிடும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக. ஹாலில் மற்றக் கார்களின் சத்தம் இருந்ததால் பையன் காரைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுக் கேட்டு வைத்தான். அந்த வயதில் அத்தனை பொறுமை எனக்கு இருந்திருக்குமா தெரியாது.

புது சர்வோ வாங்க வேண்டுமே. அவன் அப்பா, இனி 35 கிலோ வாங்கினால் சரியாகுமா என்று கேட்டார். எண் பெரிதானால் பொருள் நல்லது என்பது கடைக்காரர்கள் வளர்த்துவிட்ட எண்ணம். அதை அன்று அந்த மேசையிலேயே உடைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சர்வோவின் பெட்டியில் இரண்டு எண் இருக்கும். ஒன்று 60 டிகிரி திரும்ப எத்தனை செகண்ட் என்பது. இன்னொன்று டார்க், கிலோ சென்டிமீட்டரில். முதல் எண் சர்வோ எதையும் இழுக்காமல் சும்மா சுற்றும்போது அளந்தது. இரண்டாவது, நகர முடியாமல் நிற்கும்போது அளந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்கவே கிடைக்காது. டிசி மோட்டாரில் சுமை ஏற ஏற வேகம் நேர்கோட்டில் இறங்கும். பாதி டார்க்கை எடுக்கும்போது வேகமும் ஏறத்தாழ பாதிதான். ஆகவே நமக்கு வேண்டியது, நம் காரின் சுமை சர்வோவின் முழு டார்க்கில் சிறு பங்காக இருக்கிற சர்வோ. அந்தப் பங்கு சிறிதாகிவிட்ட பிறகு இன்னும் டார்க் ஏற்றுவதில் பயனில்லை. அதற்குப் பதில் வேகத்தைப் பார்க்க வேண்டும். 1:10 டூரிங் கார் ஏறத்தாழ 1.3 கிலோ. கார்ப்பெட்டில் நல்ல டயரோடு அதன் முன்சக்கரங்களைத் திருப்ப 8-லிருந்து 12 கிலோ சென்டிமீட்டர் தாராளம். மலிவு விலை 25 கிலோ சர்வோக்கள் பலவும் அந்த டார்க்கை கியரைக் குறைத்துக் குறைத்து எடுத்தவை. வேகத்தைப் பார்த்தால் 0.16, 0.18 என்று இருக்கும்.

வேகம் ஏன் முக்கியம் என்று பையனுக்குத் தாளில் கணக்கு போட்டுக் காட்டினேன். ஃபுட்டாபாவின் எஸ்3003 என்றொரு பழைய சர்வோ. மேலே சொன்ன பெரியவரின் பழைய டாமியாவில் இன்றும் ஓடுகிறது. 4.8 வோல்ட்டில் 3.2 கிலோ சென்டிமீட்டர், 0.23 செகண்ட், 6 வோல்ட்டில் 0.19. உலகத்தில் எத்தனை பேர் அந்த சர்வோவில் ஓட்டக் கற்றிருப்பார்கள் என்று எண்ண முடியாது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. நேரிலிருந்து முழுத் திருப்பத்துக்கு 30 டிகிரி என்று வைத்தால் 6 வோல்ட்டில் அது எடுப்பது 0.095 செகண்ட். 0.08 சர்வோ எடுப்பது 0.04. வித்தியாசம் 0.055. கார் நொடிக்கு 10 மீட்டர் போகிறது என்றால் அந்த நேரத்தில் 55 சென்டிமீட்டர் ஓடிவிடும். எங்கள் ஹாலில் மரச்சட்டத்துக்கும் ஓட்டக் கோட்டுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடையாது. பையன் பென்சிலை வாங்கி 0.16-க்கும் போட்டுப் பார்த்தான். 40 சென்டிமீட்டர். அப்பாவிடம் தாளை நீட்டினான். அவர் பார்த்துவிட்டு, "அப்ப நாங்கள் பாரம் தூக்கிறதை வாங்கியிருக்கிறம்," என்றார்.

ஹார்னின் நீளமும் இந்தக் கணக்கில் சேரும். 10 கிலோ சென்டிமீட்டர் சர்வோவின் ஹார்னில் 2 சென்டிமீட்டர் தள்ளி ராடை மாட்டினால் ராடில் கிடைப்பது 5 கிலோ, 1.25 சென்டிமீட்டரில் மாட்டினால் 8 கிலோ. ஆனால் நீளம் குறைந்த ஹார்னில் சக்கரம் அதே அளவு திரும்ப சர்வோ அதிகம் சுற்ற வேண்டும். கார் செய்தவர்கள் ஒரு துளையைக் காட்டியிருந்தால் அதில் மாட்டுவதே நல்லது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பாமல் இருக்க அவர்கள் கணக்கிட்டு வைத்த இடம் அது.

தண்டின் பல் கணக்கு தனிக் கதை. ஃபுட்டாபா 25 பல், சான்வா, கேஓ, ஜேஆர் 23 பல், ஹைடெக்கின் பழைய வகைகள் 24. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். 24 பல் தண்டில் 25 பல் ஹார்னைச் சுத்தியால் தட்டி ஏற்றிய சர்வோ ஒன்று என் டப்பாவில் இருக்கிறது. அலுமினிய ஹார்ன் உள்ளே தன் பல்லைத் தானே செதுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. ஹார்னை மாட்டுகிற ஸ்க்ரூவும் அப்படித்தான்: மெட்டல் தண்டுக்கு எம்3 ஸ்க்ரூ, நீளம் சரியாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் துளையின் அடியில் முட்டி இறுகிவிடும், ஹார்ன் லூசாகவே இருக்கும். ஸ்க்ரூ இளகாமல் பிடிக்கிற பசை (த்ரெட்லாக்) ஒரு சொட்டு போதும். அது பிளாஸ்டிக்கில் வழியக் கூடாது, வெடிப்பு விடும்.

சர்வோ சேவர் பற்றி எனக்கும் அந்தப் பெரியவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சேவர் என்பது ஹார்னுக்கும் தண்டுக்கும் நடுவில் வளையமாக உட்காரும் ஸ்பிரிங். சக்கரம் சட்டத்தில் மோதினால் ஸ்பிரிங் வளைந்து கொடுத்து, அடி கியருக்குப் போகாமல் தடுக்கும். பெரியவர் டூரிங் காரில் சேவரே கூடாது என்பவர். ஸ்பிரிங் இருந்தால் ஸ்டீரிங் துல்லியம் போய்விடும் என்பது அவர் கட்சி. அது உண்மைதான். தொடக்கக்காரர்களின் கிட்டில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் சேவரை வைத்து நல்ல டயரோடு ஓட்டினால், வளைவில் சர்வோ திரும்பிவிடும், ஸ்பிரிங் விட்டுக்கொடுத்துவிடும், சக்கரம் திரும்பாது. சர்வோ போதவில்லை என்று நினைத்துப் பலர் இன்னும் பெரிய சர்வோ வாங்குவது இந்த இடத்தில்தான். அதனால் நானும் மெல்லிய சேவரை ஆதரிக்கவில்லை. உலோக ஸ்பிரிங் வளையங்கள் கொண்ட ஹை-டார்க் சேவர் ஒன்று டாமியாவிலேயே உண்டு. விலை குறைவு, கெட்டியானது, உண்மையான இடிக்கு மட்டும் வளையும். பையனுக்கு அதைத்தான் போடச் சொன்னேன். வாரா வாரம் சட்டத்தில் இடிக்கிற வரைக்கும் அது இருக்கட்டும்.

பெரியவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் அவர் காரில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன்: சேவர் இல்லாத அந்தக் காரில் அவர் பூட்டியிருப்பது அலுமினிய ஹார்ன் அல்ல, கெட்டி நைலான் ஹார்ன். பெரிய இடி வந்தால் ஹார்ன் உடையும், கியர் பிழைக்கும். அலுமினிய ஹார்ன் பளபளப்பாக இருக்கும், உடையவே உடையாது. அதனால்தான் அடி முழுவதும் கியருக்கும் பெட்டிக்கும் போகிறது. இதில் நான் முழுக்க அவர் பக்கம். நேரடி ஹார்ன் என்றால் உள்ளே உலோகக் கியரும், வெளியே நைலான் ஹார்னும்.

சர்வோ பெட்டியைச் சேசிஸில் பூட்டுவதிலும் கவனம் வேண்டும். கார்பன் ஃபைபர் சேசிஸ் வளைவுகளில் முறுக்கும். சர்வோவின் அடிப்பாகம் சேசிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறுக்கும் பெட்டியை நெருக்கும். நாளடைவில் பூட்டுகிற காது வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி விட வேண்டும். ஒயரைப் பெல்ட்டுக்கும் டிரைவ்ஷாஃப்டுக்கும் தள்ளி, பெட்டியிலிருந்து வெளிவருகிற இடத்தில் இழுபடாமல் சிறிது தளர்வோடு ஒட்டிவிட வேண்டும். வெளிப்புல்லில் ஓட்டுகிறவர்களுக்கு ஈரத்தின் தொல்லை வேறு. ஓட்டி முடித்ததும் திறந்து காய வைப்பதைவிட நல்ல வழி நான் அறியவில்லை.

பையனுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது லோ-புரொஃபைல் சர்வோ. 6 வோல்ட்டில் 10 கிலோ சென்டிமீட்டருக்குச் சற்று மேல், 0.08 செகண்ட், 25 பல், உலோகக் கியர். அவன் பிஇசியின் அளவுக்கு அதன் பசி சற்றுக் கூடுதலாகப் பட்டதால் ரிசீவரின் காலி ஓட்டையில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருகினோம். கண் இமைக்கும் நேரத்துக்கு வருகிற இழுப்பை அது தாங்கிக்கொள்ளும். எண்ட் பாயிண்ட் தப்பாக இருந்து சர்வோ நின்றுகொண்டே இழுத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சொன்னபோது அவன், "அப்ப முதல்ல எண்ட் பாயிண்ட், பிறகுதான் கெப்பாசிட்டர், என்ன அங்கிள்?" என்றான்.

அந்த சர்வோ அடுத்த சீசனையும் தாண்டி ஓடுகிறது. ஹீட் முடிந்து காரைக் கையில் எடுத்ததும் அவன் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது சர்வோ பெட்டியின் மேல்தான். மோட்டார் சூட்டை அதற்குப் பிறகு பார்க்கிறான். இடித்த ஹீட்டுக்குப் பின் ஹார்னைக் கழற்றி, தண்டைக் கையால் லேசாக ஆட்டி, கியரில் ஆட்டம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறான். போன மாதம் கிளப்புக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமியின் கார் முனகுவதை நான் மார்ஷலாக நின்றபடி கேட்டேன். ஹீட் முடிந்து போய்ப் பார்ப்பதற்குள் அவன் அவள் மேசையருகே நின்று அவளுடைய ரேடியோவில் எண்ட் பாயிண்ட் பக்கத்தைத் திறந்திருந்தான்.

இப்போது அப்பாவுக்கும் மகனுக்கும் 1:8 நைட்ரோ பக்கி மேல் ஆசை வந்திருக்கிறது. மூன்று கிலோவுக்கு மேல் எடை, புல்தரை, குதிப்புகள். அங்கே 20 கிலோ சென்டிமீட்டருக்கு மேல் கேட்பது நியாயம்தான். சேவரும் சர்வோவில் இருக்காது. சர்வோவுக்கும் சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள நெம்புகோலான ஸ்டீரிங் பெல்கிராங்கிலேயே ஸ்பிரிங்கும் அதை இறுக்குகிற நட்டும் இருக்கும். அந்த நட்டை முழுக்க இறுக்கிவிட்டால் சேவர் இல்லாததற்குச் சமம். கரண்ட் வருவது தனி ரிசீவர் பேட்டரியிலிருந்து. பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று அப்பா போனில் கேட்டார். அந்தக் காரின் முன்சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள், பெல்கிராங்கில் ஸ்பிரிங் அசைகிறதா என்று பாருங்கள், ரிசீவர் பேட்டரி எத்தனை வோல்ட், சர்வோ எத்தனை வோல்ட்டுக்கு என்று இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு விலையைப் பேசலாம் என்றேன்.